மூன்று பெயரும் ஒரு பெயரும்

2015 பிப்ரவரியில் கொச்சி பினாலே என்கிற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு நாளாக வெயிலில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோய், எங்கேயாவது நிழல் கிடைத்தால் போதும் என்கிற நிலையில்தான் அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் துணிக் கூடாரம், உள்ளே போனால் சுற்றிலும் ஓவியம். 'மிளகுக் கூடாரம்' என்று பெயர். கல்யாணப் பந்தலுக்குள் கால் வைத்ததும் வெளிச்சம் வேறு நிறமாகிவிடுமே, அப்படி இருந்தது. படத்துக்கு எதிரே நிற்கிறோமா படத்துக்குள்ளே நிற்கிறோமா என்று சட்டென்று பிடிபடவில்லை. கூட வந்த நண்பன் ஓவியக் கல்லூரியில் படித்தவன். அவன்தான் சொன்னான்: "பிரான்செஸ்கோ கிளெமென்டே. இத்தாலிக்காரர். ஆனா மெட்ராஸ்ல ரொம்ப நாள் இருந்தவர்டா. நம்ம பேனர் ஆளுங்களோட எல்லாம் சேர்ந்து வேலை பார்த்திருக்கார்."

பேனர் ஆளுங்க என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். என் தாய்மாமா பேனர் ஆள். பதினான்கு வயதில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் பிரஷ் கழுவச் சேர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் நடிகர் நடிகைகளின் முகங்களை வரைந்து, பிளெக்ஸ் வந்த பிறகு ஒரே நாளில் தொழிலைவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். சேர்ந்து வேலை பார்த்த அந்த ஆட்களின் பெயர் எங்கே என்ற கேள்வி கூடாரத்தில் நின்ற அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கோபம். அது எப்படிக் கோபமாக ஆரம்பித்து வேறு எதுவோ ஆகிப்போனது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கிளெமென்டேயைப் பற்றிக் கொஞ்சம். 1952இல் நேபிள்ஸில் பிறந்தவர். சிறுவனாக அவர் சொன்ன கவிதைகளை வீட்டில் எழுதி வைத்து, புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள் பெற்றோர். 'மணல் கோட்டைகள்' என்று அதற்குத் தலைப்பு. பன்னிரண்டு வயதுப் பையன் பெயரை அட்டையில் போட்டு ஊருக்குக் கொடுப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அந்த வயதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். பெயர் என்ற விஷயம் இவர் வாழ்க்கையில் அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும். 1970இல் கட்டடக்கலை படிக்க ரோம் போனார், படிப்பை முடிக்கவில்லை. அந்தக் காலத்து ரோமில் கித்தானில் வண்ணம் பூசுவது காலாவதியான வேலை. நிலக்கரி, கல், கந்தல் துணி என்று எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கலை, ஓவியம் மட்டும் கூடாது. 1969இல் யானிஸ் குனெல்லிஸ் என்பவர் ரோமில் ஒரு காட்சிக்கூடத்துக்குள் உயிருள்ள 12 குதிரைகளைக் கட்டி வைத்து அதைக் காட்சி என்றார். இந்தச் சூழலுக்குள் போய்ச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் கிளெமென்டே.

அங்கே அவருக்கு வாய்த்த மூத்த நண்பர் அலிகியேரோ போயெட்டி. இந்த மனிதரைத் தெரிந்துகொள்ளாமல் கிளெமென்டேயை எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. போயெட்டி தன் பெயருக்கு நடுவில் ஒரு 'உம்' சேர்த்துக்கொண்டார். அலிகியேரோவும் போயெட்டியும். ஒரே ஆள், இரண்டு பேர். 1971இல் காபூலில் ஒரு சின்ன ஓட்டல் தொடங்கினார். ஆப்கான் பெண்களிடம் உலக வரைபடத்தைக் கொடுத்து, ஒவ்வொரு நாட்டையும் அதன் கொடியின் நிறத்தில் எம்பிராய்டரி செய்யச் சொன்னார். தான் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பதை மறைக்கவும் இல்லை, பெருமையாகவே சொல்லிக்கொண்டார். ஒருமுறை கடல் முழுக்க ரோஸ் நிறத்தில் தைத்து அனுப்பிவிட்டார்கள். கடலையே பார்த்திராத ஊர், கையில் அந்த நூல் நிறைய இருந்தது, தைத்துவிட்டார்கள். போயெட்டிக்கு ஏக மகிழ்ச்சி. அடுத்தடுத்த வரைபடங்களில் கடலின் நிறத்தை அந்தப் பெண்களிடமே விட்டுவிட்டார். 1974இல் கிளெமென்டே அவரோடு ஆப்கானிஸ்தான் போய்வந்தார். அடுத்தவர் கையை நம்பி ஒரு படத்தை விட்டுவிடலாம் என்ற பாடத்தை அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அதற்கு முந்தைய வருடமே, 1973இல், வந்துவிட்டார். பிறகு திரும்பத் திரும்ப வந்தார், மனைவி ஆல்பாவோடு மெட்ராஸில் மாதக்கணக்கில் தங்கினார். அடையாறு பிரம்மஞான சபை நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். ஆலமரத்துக்குப் பேர்போன அந்தத் தோட்டத்தில் ஒரு நேபிள்ஸ் இளைஞன் சமஸ்கிருதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். ஆனால் நூலகத்தைவிட அவருக்கு அதிகம் கொடுத்தது தெருதான் என்பது என் கட்சி. கடைப் பலகை எழுதுகிறவர்கள், சினிமா பேனர் வரைகிறவர்கள், கையால் செய்த புதுச்சேரிக் காகிதம், இவையெல்லாம் அவருடைய பட்டறைக்குள் வந்தன. அந்தக் காகிதம் பெரிய அளவில் கிடைக்காது. அதனால் ஒன்பது தாள், பன்னிரண்டு தாள் என்று அடுக்கிப் பருத்தித் துணிப்பட்டையால் ஒன்றோடொன்று இணைத்து, அதன்மேல் கவாஷ் என்கிற, நீரில் கரைக்கும் கெட்டி வண்ணத்தில் ஆளுயரப் படங்கள் போட்டார். மடித்துப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். 1980இல் வரைந்த பல பெரிய படங்கள் அப்படி வந்தவை. அவற்றில் ஒன்றின் தலைப்பு 'இரண்டு ஓவியர்கள்'.

அதே 1980இல்தான் வெனிஸ் பினாலேவில் அவர் பெயர் வெடித்தது. அகிலே போனித்தோ ஒலிவா என்ற விமர்சகர் அதற்கு முந்தைய வருடமே டிரான்ஸ்அவான்கார்டியா என்று ஒரு சொல்லைச் சமைத்து வைத்திருந்தார். சான்ட்ரோ கியா, என்ஸோ குக்கி, கிளெமென்டே, மிம்மோ பலதினோ, நிக்கோலா தெ மரியா என்று ஓவியத்துக்குத் திரும்பி வந்த இத்தாலியர்களையெல்லாம் அந்தக் குடைக்குள் நிறுத்தினார். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இதே போலக் கிளம்பியவர்களையும் சேர்த்து உலகம் நியோ எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று பெயர் வைத்தது. 1981இல் கிளெமென்டே நியூயார்க்குக்குக் குடிபோனார், இன்றைக்கும் அங்கேதான்.

ஒன்பது வாசல்

எக்ஸ்பிரஷனிஸ்ட் என்றதும் எனக்குள் வரும் படம் வேறு. வண்ணத்தை அள்ளி அடித்து, முகம் கோணி, யாரோ கத்துகிற மாதிரி. கிளெமென்டே கத்துவதே இல்லை. அவர் படத்தில் நடக்கிற காரியம் பயங்கரமாக இருக்கும், முகம் மட்டும் பல் விளக்குகிறவன் முகம் மாதிரி அமைதியாக இருக்கும். ஒட்ட வெட்டிய தலை, நீண்ட முகம், அகன்ற கண், கொஞ்சம் தடித்த உதடு. அவருடைய முகமேதான். நாற்பது ஐம்பது வருடமாக அதைத் திரும்பத் திரும்ப வரைகிறார். முதலில் பார்த்தபோது, இவ்வளவு தற்பெருமையா என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் 1983இல் அவர் வரைந்த ஒரு எண்ணெய் ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளெமென்டேயின் முகம்தான், ஆனால் கண்ணிருக்கும் இடத்தில் குட்டிக் கிளெமென்டே, மூக்குத் துவாரத்தில் குட்டிக் கிளெமென்டே, காதில், வாயில் என்று எல்லா ஓட்டையிலிருந்தும் அதே முகம் எட்டிப் பார்க்கிறது. ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை தெரியுமே, அந்த மாதிரி. எங்கள் பாட்டி உடம்பைச் சொல்லும்போது எப்போதும் "ஒம்போது வாசல் வீடு, எந்த வாசல் வழியா எப்ப கெளம்புமோ" என்பார். இந்தப் படம் எனக்கு உடனே பாட்டியைத்தான் ஞாபகப்படுத்தியது. அவருடைய உடம்புகள் எல்லாமே இப்படித்தான். தோல் ஒரு சுவராக இருக்காது, எதுவும் உள்ளே வரலாம், எதுவும் வெளியே போகலாம், ஆண் பெண் ஆகலாம், மனிதன் மிருகம் ஆகலாம். தன்னைத் தன்னைத் தன்னை என்று வரைவது, அந்தத் 'தான்' எவ்வளவு ஓட்டையான பாத்திரம் என்று காட்டுவதற்குத்தானோ என்னவோ.

அந்தப் படத்தின் தலைப்பு 'பெயர்'.

எல்லாமே பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்கள் சிலவற்றில் ஒரு பணக்கார வரவேற்பறை வாடை அடிக்கும். வாட்டர்கலரும் பேஸ்டலும்தான் அவருக்கு இயல்பான மொழி. நீர் காய்வதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும், திருத்தப் போனால் அழுக்காகிவிடும். ஈரச் சுண்ணத்தின்மேல் வரைகிற பிரெஸ்கோவும் அதே அவசரம்தான், அன்றன்றைக்குப் பூசிய சுண்ணம் காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். 2005இல் நேபிள்ஸின் மாத்ரே அருங்காட்சியகத்தில் இரண்டு அறைகளின் சுவர்களை பிரெஸ்கோவால் நிரப்பினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆவே ஓவோ', முட்டையே வாழ்க. நேபிள்ஸ் கடற்கரைக் கோட்டையின் அடியில் கவி வெர்ஜில் ஒரு முட்டையை ஒளித்து வைத்திருக்கிறார், அது உடைந்தால் ஊர் அழியும் என்று அந்த ஊர்க் கதை. ஐம்பது வயது தாண்டிச் சொந்த ஊருக்குப் போய் முட்டைக்கு வணக்கம் சொன்ன மனிதர் என்றதும் எனக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. கோபம் மட்டும் தீரவில்லை.

என் கோபத்தின் கணக்கு

1980, 81 வாக்கில் கிளெமென்டே 24 சிற்றோவியங்கள் கொண்ட ஒரு வரிசை செய்தார். பழைய கைத்தாளில், இங்கே மரபுச் சிற்றோவியம் பயின்ற இளம் ஓவியர்களோடு சேர்ந்து. உருவமும் யோசனையும் அவருடையவை, இலையும் பூவும் கரையும் கட்டமுமாக அந்த நுணுக்கமான கை வேலை அவர்களுடையது. அந்த வரிசையின் தலைப்பு 'பிரான்செஸ்கோ கிளெமென்டே பிங்சிட்'. பிங்சிட் என்றால் லத்தீனில் 'வரைந்தார்'. தலைப்பே கையெழுத்து. இதில் ஒரு குறும்பு இருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. யார் வரைந்தது என்று கேட்க வைக்கிற தலைப்புதான். ஆனால் ஐரோப்பாவின் பழைய செதுக்குப் படங்களில் அடியில் ஒரு மூலையில் இன்னார் பிங்சிட் என்று இருந்தால், மறு மூலையில் இன்னார் ஸ்கல்ப்சிட், அதாவது செதுக்கினார், என்றும் இருக்கும். மூல ஓவியனுக்கு ஒரு பெயர், தகட்டில் செதுக்கியவனுக்கு ஒரு பெயர். கிளெமென்டே அந்த வழக்கத்தின் இடது மூலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது 1984. சுவிஸ் கலை வணிகர் புரூனோ பிஷோஃப்பெர்கரின் ஏற்பாட்டில் நியூயார்க்கின் புகழ்பெற்ற ஓவியர்கள் ஆண்டி வார்ஹால், ழான் மிஷேல் பாஸ்கியா, அவர்களோடு கிளெமென்டே, மூவரும் சேர்ந்து 15 படைப்புகள் செய்தார்கள். ஒருவர் தொடங்கி, அடுத்தவர் பட்டறைக்கு அனுப்பி, அவர் அதன்மேல் ஏதாவது செய்து மூன்றாமவருக்கு அனுப்பி, இப்படி. அந்தப் படங்களின் அடியில் இன்றைக்கும் மூன்று பெயர் இருக்கிறது. நியூயார்க்கில் மூன்று பேர் சேர்ந்து வரைந்தால் மூன்று பெயர், இந்தியாவில் சேர்ந்து வரைந்தால் ஒரு பெயர். என் கோபம் இவ்வளவுதான். கணக்கு எழுதுகிற வேலை பார்க்கிறவன் நான், இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தால் சமமாக வரவேண்டும் என்பது தொழில் புத்தி.

இன்னொன்றும் உண்டு. 1986இல் கிளெமென்டேயும் ரேமண்ட் ஃபாய் என்ற நியூயார்க் பதிப்பாளரும் சேர்ந்து ஹனுமான் புக்ஸ் என்று ஒரு பதிப்பகம் நடத்தினார்கள். செல்சி ஓட்டலில் இருந்தபடி நடந்த பதிப்பகம். நம் கோயில் வாசலில் விற்கிற குட்டி சஷ்டி கவசப் புத்தகம் இருக்குமே, ஏறக்குறைய அந்த அளவில், சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி, அமெரிக்கக் கவிஞர்கள் ஆலன் கின்ஸ்பெர்க், பாட்டி ஸ்மித் போன்றவர்கள் எழுதியதை எல்லாம் போட்டார்கள். 1993 வரை ஐம்பது புத்தகம் போல வந்தது. அச்சடித்தது எங்கே என்றால் மெட்ராஸில், கலாக்ஷேத்ரா அச்சகத்தில், சி.டி. நாச்சியப்பனிடம். அச்சடித்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது பாருங்கள். அன்றைக்கு நடப்பில் இருந்த 1867ஆம் வருடச் சட்டம் ஒன்று, இந்த நாட்டில் அச்சாகிற எந்தப் புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டும் என்றது. வெள்ளைக்காரன் அதைப் போட்டது உழைப்பாளிமேல் இருந்த பாசத்தால் அல்ல, வம்பான புத்தகம் வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும், அதற்காக. ஓவியத்தால் அவனுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை போலிருக்கிறது, அதற்குச் சட்டம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், கிளெமென்டேவே ஒருமுறை அந்தப் பக்கம் நின்றிருக்கிறார். டிக்கென்ஸ் நாவலை இந்தக் காலத்துக்கு மாற்றி 1998இல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. கதாநாயகன் ஓவியன். அவன் வரைவதாகத் திரையில் காட்டுகிற படங்கள் எல்லாம் கிளெமென்டே வரைந்தவை. நடிகனின் கைக்குப் பின்னால் இவர் கை. ஆனாலும் விவரம் எல்லோருக்கும் தெரியும், அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் அது ஒரு வரியாகவும் வரும்.

கடைப் பேரு

இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. கை லேசாக நடுங்குகிறது, ஆனால் காபி டம்ளரைப் பிடிக்கிறபோதுகூட சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டுதான் இருக்கும். கித்தானில் கை படாமல் இருக்க அந்த விரலை ஊன்றி ஊன்றிப் பழகியது. சாப்பிட்டு முடித்ததும் டேப்லெட்டை எடுத்து, இத்தாலிக்காரர், அடையாறு, காகிதம், நியூயார்க், மூன்று பெயர், ஒரு பெயர் என்று வழக்கு வாதாடுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எதிர்பார்க்கிறதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். கண் கலங்கும், அல்லது நாலு வார்த்தை திட்டுவார், நான் அதை வைத்துக் காரசாரமாக ஒரு பதிவு எழுதிவிடலாம்.

மாமா கேட்ட முதல் கேள்வி: "கூலி ஒழுங்கா குடுத்தாரா?"

கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். "அப்ப சரி" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மாமா, பேர் போடலையே என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எங்க கடையில யாரு பேரு போட்டாங்க மாப்ள? அம்பதடி பேனர்ல நான் மூஞ்சி போடுவேன், ஒருத்தன் சட்டை போடுவான், ஒருத்தன் எழுத்து, சின்னப் பசங்க பேக்ரவுண்டு. மூலையில மொதலாளி பேரு இருக்கும். அவரு அன்னிக்குக் கடைப்பக்கமே வந்திருக்க மாட்டாரு. அது ஆள் பேரு இல்லடா, கடைப் பேரு."

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. வெள்ளைக்காரர் வந்து நம் ஆட்களின் பெயரை அழித்துவிட்டார் என்று நான் கட்டி வைத்திருந்த வழக்கில், அந்தப் பெயர்கள் அதற்கு முன்னாலும் மூலையில் இருந்ததில்லை. கிளெமென்டே மெட்ராஸில் என்ன பார்த்தாரோ அதையே செய்திருக்கிறார். பத்துக் கை வேலை செய்யும், ஒரு பெயர் நிற்கும். காபூலில் அவருடைய நண்பர் செய்ததும் அதுதான். அவர் பிறந்த நாட்டில் நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பட்டறைகளில் நடந்ததும் அதுதான். நான் இத்தனை வருடம் சுமந்த கோபம் யார் வீட்டுக் கோபம் என்று கொஞ்ச நேரம் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை காபி கொண்டுவந்தார். மாமா டேப்லெட்டை என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'இரண்டு ஓவியர்கள்' படம். துணி இல்லாத இரண்டு ஆண் உருவங்கள். முதலில் அத்தை இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு விரலால் பெரிதாக்கினார், உருவத்தை அல்ல, தாள்கள் சேருகிற கோட்டை. "எத்தனை ஷீட்டு?" ஒன்பது. "எதால ஒட்டியிருக்கு?" துணிப்பட்டை. "கோடு இந்தத் தாள்ல இருந்து அந்தத் தாளுக்குப் போகுது பாரு, ஜாயின்ட்ல நெளியவே இல்ல. நாங்க துணி தெச்சு ரீப்பர்ல அடிச்சு வரையறப்போ தையல் மேல கோடு தாண்டுறதுதான் கஷ்டம். பிரஷ் குதிக்கும்." மறுபடியும் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம கை மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நம்ம ஆளா இருந்தா மூக்கு நுனியில ஒரு வெள்ளை வெச்சிருப்பான், கன்னத்துல ரோஸ் ஏத்தியிருப்பான். வெக்காம விடுறது நமக்கு வராது. யாரு போட்டிருந்தாலும் கையை அடக்கிப் போட்டிருக்கான்."

அப்படியானால் ஒருவர் வரைந்ததை வைத்து யார் கை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. முடியாதா பின்னே? மவுண்ட் ரோட்டில் வியாழன் ராத்திரி பேனர் ஏறும், வெள்ளி படம். ஏறி முடிந்ததும் எதிர்ச்சாரியில் டீக்கடையில் நின்றுகொண்டு எல்லாக் கடை ஆட்களும் பார்ப்பார்களாம். இந்தக் கண் அவன் போட்டது, இந்தத் தலைமுடி இவன், இந்தக் கழுத்து யாருடா சொதப்பினது என்று. வேறு கடை முதலாளி அங்கேயே வந்து தோளைத் தட்டி, நம்மகிட்ட வரியா, பத்து ரூபாய் சேர்த்துத் தரேன் என்பாராம். "பேரு போடணும்னு அவசியமே இல்ல மாப்ள. தெரியவேண்டிய நாலு பேருக்குத் தெரியும்."

நான் டேப்லெட்டை வாங்கி மூடி வைத்தேன். என் வழக்கு போய்விட்டது, ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்த நாலு பேர். மெட்ராஸில் கையெழுத்து இல்லாத படம் அநாமதேயப் படம் இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் அதற்குக் கையெழுத்து இருந்தது. அந்தப் படம் மடித்துப் பெட்டிக்குள் போய், விமானம் ஏறி, பிலடெல்பியாவிலோ நியூயார்க்கிலோ சட்டம் போட்டு மாட்டப்படுகிறபோது காகிதம் போகிறது, வண்ணம் போகிறது, துணிப்பட்டைகூடப் போகிறது. டீக்கடை போவதில்லை. அங்கே அடியில் உள்ள அட்டையில் எத்தனை தாள், எந்த ஊர்க் காகிதம், எதனால் இணைத்தது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். காகிதத்துக்கு ஊர் பெயர் உண்டு. இதை யாராவது வேண்டுமென்று செய்தார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. கிளெமென்டே மேலும் பழைய கோபம் இல்லை. சேர்ந்துதான் செய்தேன் என்று அவர் மறைத்ததும் இல்லை. அந்தச் 'சேர்ந்து' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் என்று அறிந்தவர்கள் எதிர்ச்சாரியில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

அந்த 'மிளகுக் கூடாரம்' பற்றியும் மாமாவிடம் சொன்னேன். 2012 வாக்கிலிருந்து ஜோத்பூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து இந்தக் கூடாரங்களைச் செய்துவந்தார் கிளெமென்டே, 2015இல் அமெரிக்காவில் மாஸ் மோகா அருங்காட்சியகத்தில் ஆறு கூடாரங்களை ஒரே கூடத்தில் ஊர் மாதிரி நிறுத்தினார்கள். உள்ளே போய் நின்றுகொள்ளலாம் என்றதும் மாமாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. "நாங்க பேனருக்குள்ளேதான் தூங்குவோம். ராத்திரி மழை வந்தா, காயாத பேனரை அப்படியே சுவத்துல சாச்சு நடுவுல படுத்துக்குவோம். ஆளி விதை எண்ணெய் வாடை தலைக்கு ஏறும். காலைல எழுந்தா சட்டையெல்லாம் எம்.ஜி.ஆர் கன்னம்."

கிளம்பும்போது அந்தப் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். என் எதிரிலேயே அதைத் தன்னோடு வேலை பார்த்த மூன்று பேருக்கு அனுப்பினார், கூடவே ஒரு குரல் பதிவு: "டேய், எண்பதுல அடையாறுல ஒரு வெள்ளக்காரர்கிட்ட வேலைக்குப் போனவன் யாராச்சும் ஞாபகம் இருக்கா, பாத்துச் சொல்லு." வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் ஒருவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. என்னண்ணே இது, பேரப்பிள்ளைங்க போன் எடுத்துப் பாக்குதுங்க, இதையெல்லாம் அனுப்புறீங்க என்று. இரண்டாமவர் கைகூப்புகிற பொம்மை ஒன்று அனுப்பினார். மூன்றாமவர், முகம் போடுவதில் மாமாவையே மிஞ்சியவர் என்று மாமா சொல்கிற ஆள், திருவொற்றியூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாராம். நேற்றும் போன் பண்ணிக் கேட்டேன். அவருக்குப் போன செய்தியில் இன்னும் ஒரே டிக்தான் இருக்கிறதாம்.